கடைமடைக் கணினி

தமிழ்நிலாவுக்குக் கணினி வாங்கப் போன குழுவில் தமிழ்நிலா இல்லை. அண்ணன் நெடுஞ்செழியன் இருந்தார். அண்ணி மீனா இருந்தாள். வழியில் ஏறிக்கொண்ட அறுவடை மெஷின் டிரைவர் மாரியப்பன்கூட, கருத்துச் சொல்லும் முழுத் தகுதியோடு குழுவில் இருந்தார். தமிழ்நிலாவை மட்டும் காரிலேயே உட்காரவைத்தார்கள். ஏசியைப் போட்டுவிட்டுத்தான் போனார்கள். மனிதாபிமானத்தில் யாரும் குறை சொல்லிவிட முடியாது.

கூத்தாநல்லூர்க் கடைத்தெருவில் சுஹைப் என்பவரின் கணினிக் கடை. உள்ளே நுழைந்ததும் நெடுஞ்செழியன் தேவையைச் சுருக்கமாகச் சொன்னார்.

"இருக்கறதுலயே பெரிய திரையாக் காட்டுங்க பாய். தங்கச்சிக்குச் சுத்தமாக் கண்ணு தெரியாது."

சுஹைப் பல வருஷம் துபாயில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். உலகத்தின் எல்லா வகை வாடிக்கையாளர்களையும் பார்த்தவர். ஆனாலும் இதற்குக் கொஞ்சம் திகைத்தார். அவர் திகைப்பதைப் பார்த்த மாரியப்பன், சின்னதாக இருந்தால் துளிகூடத் தெரியாது, பெரியதாக இருந்தால் ஏதோ கொஞ்சமாவது பிடிபடும் அல்லவா என்று விளக்கினார். மீனாவுக்கு ஃபிரிட்ஜோடு ஒத்துப்போகிற சிவப்பு நிறத்தில் இருந்தால் போதும்.

இந்தக் குடும்பம் திடீரென்று இவ்வளவு தாராளமானதற்கு ஒரு காரணம் உண்டு. ஆலங்கரையில் சாலையோரமாக இருந்த ஒரு துண்டு நிலம் அண்ணன் தங்கை இருவர் பேரிலும் கூட்டுப் பட்டாவாக இருந்தது. அவர்களுடைய தாத்தா பிறர் நிலத்தில் நாற்றுக்கட்டு சுமந்தவர். அப்பா சொந்தமாக நிலம் வாங்கி, பிள்ளைகள் இருவரையும் படிக்கவைத்துவிட்டுச் செத்துப்போனார். சாகுமுன் மகள் பேரையும் பட்டாவில் சேர்த்தது அவர் செய்த பெரும்பிழை என்பது நெடுஞ்செழியனின் துணிபு. அந்த நிலத்தில் இப்போது கல்யாண மண்டபம் கட்ட ஒருவர் வந்திருந்தார். தங்கையின் கையெழுத்து வேண்டும். "உனக்கு என்ன வேணும்னாலும் கேளும்மா" என்று நெடுஞ்செழியன் பெரிய மனதோடு சொன்னார். ஒரு பட்டுப்புடவை என்று எதிர்பார்த்துச் சொன்ன பெரிய மனது அது. அவள் கணினி என்றாள். அதுவும் முதலில் கணினி, பிறகு பதிவாளர் அலுவலகம் என்றாள். ஆகவேதான் பதிவுக்குப் போகிற வழியில் இந்தக் கடை.

தமிழ்நிலாவுக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. எம்.ஏ. வரலாறு, முதல் வகுப்பு. எட்டு வயதில் வந்த காய்ச்சல் கண்ணைக் கொண்டுபோனது, மிச்சத்தைக் கொண்டுபோகவில்லை. பார்வையற்றோர் விடுதிப் பள்ளியில் தட்டச்சு கற்றவள். பேசுகிறவர் மூச்சு வாங்குவதற்குள் எழுதி முடித்துவிடுவாள். இவ்வளவு தகுதிகளோடும் அவள் வீட்டில் செய்துகொண்டிருந்தது பூண்டு உரிப்பது. மீனாவின் தங்கை வீட்டுப் பூண்டும் இங்கேதான் வரும். கண் வேண்டாத வேலை என்று அவளுக்காகவே தேடிப்பிடித்துக் கொடுத்த வேலை அது. அவள் கைகளில் அந்த வாடை சோப்புக்கும் போகாமல் தங்கிவிட்டது. கோயிலில் பக்கத்தில் நிற்கிறவர்கள் அரை அடி தள்ளி நிற்பார்கள். அதையும் அவள் பார்க்கவில்லை என்றே நினைத்துக்கொள்வார்கள்.

சென்னையில் ஒரு நிறுவனம். பதிவு செய்த பேச்சுகளைக் கேட்டு அப்படியே எழுத்தாக்கித் தரவேண்டும். வீட்டிலிருந்தே செய்யலாம். பள்ளித்தோழி ஆனந்தவல்லி பேராவூரணியிலிருந்து போன் போட்டுச் சொன்ன செய்தி இது. அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை தேர்வு. சொந்தக் கணினியில், யார் துணையும் இல்லாமல் எழுதவேண்டும். தேறினால் சம்பளம், விரும்பினால் சென்னையில் விடுதி. தேறாவிட்டால் பூண்டு.

ஆகவே அவள் ஏசியை விட்டு இறங்கினாள். நிறுத்தியிருந்த பைக்குகளின் இருக்கைகளைத் தொட்டுத் தொட்டுக் கடைக்குள் வந்து சேர்ந்தாள்.

"நீ ஏம்மா வெயில்ல வர்ற" என்றார் அண்ணன். "நாங்க பாத்துக்கிட்டிருக்கோம்ல."

"நீங்க பாத்தது போதும்ண்ணே. நான் கேட்டு வாங்கிக்கிறேன்."

அவள் சுஹைபிடம் கேட்டது ஒன்றுதான். பெட்டியை இப்போதுதான் பிரித்ததுபோல ஒரு கணினி வேண்டும், யாரும் தொடக்கூடாது, அவளே திறந்து அவளே பேசவைக்க வேண்டும். திரையை வாசிக்கும் மென்பொருளைத் தனியாக வாங்கியும் போடலாம் என்றார் சுஹைப். போடலாம்தான். ஆனால் அது ஏறும்வரை கணினி ஊமை. ஊமையாக இருக்கும்வரை ஒரு ஜோடிக் கண் வேண்டும். அந்த ஜோடிக்கு அவள் அண்ணனிடம் போய் நிற்க வேண்டும். அண்ணனுடைய கண்கள் பாசனச் சங்க வேலையில் இருக்கும், இல்லையென்றால் தூக்கத்தில் இருக்கும். கூடவே பிறந்த குரல் உள்ள கணினிதான் வேண்டும் என்பதற்கு அவள் சொன்ன நியாயம் இவ்வளவுதான். சுஹைபுக்கு அது சட்டென்று விளங்கியது. அன்றைய தேதியில் அவள் சொன்னதில் எதையாவது விளங்கிக்கொண்ட ஒரே ஆள் அவர்.

அவர் ஒவ்வொன்றாக எடுத்து அவள் முன்னால் வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவள் விரலால் தடவினாள், திறந்தாள், சாவிகளை அமுக்கினாள், பேசவைத்தாள். பேசியவற்றிடம் ஒரு வரி எழுதி வாசிக்கச் சொன்னாள். பட்டா, சிட்டா, அடங்கல், கிரயப் பத்திரம், வில்லங்கம். அன்றைய காலைப்பொழுது அப்படி. கடைசியாக வந்தது மூடியில் கடித்த ஆப்பிள் பழம் பொறித்தது. ஓரத்துப் பொத்தானை மும்முறை அமுக்கியதும் பேசியது. வில்லங்கத்தைத் தெளிவாக உச்சரித்தது. அவள் இதுதான் என்றாள்.

சுஹைப் அதற்கு இருந்த விலையையும் குறைத்துக்கொண்டார். "நல்லாப் படிங்க தங்கச்சி" என்றார். பெரிய திரை இல்லையே என்று நெடுஞ்செழியனுக்கு வருத்தம். ஆனால் அந்தப் பழத்தை மாவட்டச் செயலாளரின் மேசையில் பார்த்திருக்கிறார். பழத்துக்காகச் சம்மதித்தார். பகலுணவுக்கு முன் நிலம் கைமாறிவிட்டது.

வீட்டுக்கு வந்த முதல் காரியமாக மீனா கணினிக்குப் பொட்டு வைத்தாள். டிராக்டருக்கு வைத்த கை, கிரைண்டருக்கு வைத்த கை. சந்தனத்தைக் குழைத்து, விசைப்பலகையின் இரு பக்கமும் புள்ளி புள்ளியாகத் துளை போட்டிருந்த இடம் அதற்காகவே விட்டது என்று கருதி, அழுத்தமாக அங்கே அப்பினாள். கணினியின் குரல் வருகிற வழி அது. சந்தனம் காய்ந்த பிறகு அந்தக் குரல் சளி பிடித்த வாத்தியார் குரல்போல் ஆகிவிட்டது. தமிழ்நிலா ஊக்கை வைத்துத் துளை துளையாகக் குத்தி எடுத்தாள். மங்கலத்தைச் சுரண்டுகிறாள் என்று மீனா ஒரு நாள் பேசாமல் இருந்தாள். வீட்டுக்கு அது நல்ல நாளாக அமைந்தது.

அதன்பின் பிரச்சினை ஆரம்பித்தது. நெடுஞ்செழியனுக்கு அந்தத் திரையில் படம் பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. மீனாவுக்கு விட்டுப்போன தொடர்களை எல்லாம் அதில் பிடிக்கலாம் என்று தெரிந்தது. தமிழ்நிலா கடவுச்சொல் போட்டுப் பூட்டினாள். குடும்பத்துக்குள் என்ன பூட்டு, நாளைக்கு உனக்கு ஒன்று என்றால் யார் திறப்பது என்று கேட்டு அண்ணன் கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டார்.

நெடுஞ்செழியன் ஆலங்கரைப் பாசனதாரர் சங்கத் தலைவர். வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் யார் வயலுக்கு எப்போது என்று முறை வைப்பது அவர் வேலை. முறை வைத்து வைத்து அந்தக் கைக்கு வேறெதுவும் தெரியாது. சண்டை வேண்டாம் என்று கணினிக்கும் முறை வைத்தார். தலைமடை அவர், காலையில் எழுந்ததும் அவருக்கு. நடுமடை மீனா, மத்தியானம் முழுக்க. கடைமடை தமிழ்நிலா. வாய்க்கால் முறையில் கடைமடைக்கு என்ன போய்ச் சேருமோ அதுவே இங்கும் போய்ச் சேர்ந்தது. அவள் கைக்கு வரும்போது கணினி சூடாக, சார்ஜ் தீர்ந்து, "மின்கலம் குறைவாக உள்ளது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மயங்கும். சார்ஜர் வயர் மீனாவின் கட்டிலுக்குப் பின்னால் இருக்கும். மின்சாரம் எங்கேயும் இருக்காது.

அவள் நியாயம் கேட்டாள். அவர் சங்கக் கூட்டத்தில் பேசுகிற நிதானத்தோடு பதில் சொன்னார்.

"இங்க பாரு நிலா. திரைன்னு ஒண்ணு இருக்கு. அதுல உனக்கு என்ன பாத்தியதை? கண்ணு இருக்கறவன் பாக்கப்போறான். சத்தம் உன்னோடது. அத யாரு கேட்டா?"

"சத்தத்தையும்தான் நிறுத்திடுறீங்க."

"படம் ஓடும்போது அது குறுக்க பேசுனா என்ன பண்றது. உன் நல்லதுக்குத்தான் நிறுத்துறது. தொண்ட வறண்டுபோகும்ல அதுக்கு."

மீனா விழுந்து விழுந்து சிரித்தாள். வாசிக்கிற குரலை மட்டும் ஊமையாக்கும் சாவி ஒன்று இருக்கிறது. குடும்பத்தில் கண்ணுள்ளவர்களுக்குக் கணினியில் தெரிந்த ஒரே தொழில்நுட்பம் அதுதான். குரல் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும், வெளியே வராது. தமிழ்நிலாவுக்கு அந்த ஏற்பாடு பழக்கமானதுதான்.

தேர்வு நெருங்கியது. பயிற்சிக்கு அனுப்பியிருந்த பதிவுகளில் ஒன்றைக்கூட அவள் முழுதாக எழுதி முடிக்கவில்லை. ஒரு மணி நேரமாவது என்று அண்ணியிடம் கெஞ்சினாள். இந்த வாரம் தொடரில் பிரசவம், பிள்ளை பிறக்கட்டும் என்று மீனா கைவிரித்தாள். அதோடு ஒரு முறம் பூண்டும் வைத்தாள்.

மயிலாடுதுறையில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து வந்தது. தமிழ்நிலாவை அழைத்துப்போவதில்லை என்பது வீட்டின் வழக்கம். கூட்டத்தில் சிரமப்படுவாள் என்கிற அக்கறை. பகல் முழுக்க வீடு அவளுக்குக் கிடைத்தது. பூண்டை ஒதுக்கிவிட்டுக் கணினியின் உதவிப் பக்கங்களைத் திறந்தாள். அவள் தலைப்பு தலைப்பாகக் கேட்டுக்கொண்டு போனபோது, ஓர் இடத்தில் நிறுத்தித் திரும்பக் கேட்டாள். மறுபடியும் கேட்டாள்.

திரைச்சீலை என்று ஒன்று இருந்தது. அதைப் போட்டால் திரை முழுக்கக் கறுத்துவிடும். குரல் மட்டும் ஓடும். பொது இடத்தில் பக்கத்திலிருப்பவர் எட்டிப்பார்க்காமல் இருக்க, பார்வையற்றவர்களுக்கென்றே வைத்திருக்கிறார்கள். எப்போது திறந்தாலும் திரைச்சீலையோடே திறக்குமாறும் அமைத்துக்கொள்ளலாம். குரலை ஊமையாக்கினால் போதாது, முழுக்க அணைத்தால் ஒழிய திரை வராது. அதை அணைக்க வீட்டில் யாருக்கும் தெரியாது.

கடைமடைக்காரன் தலைமடையில் போய் ஷட்டரை இறக்கிவிட்டு வருவது டெல்டாவில் காலங்காலமாக நடப்பது. அதைக் குற்றம் என்று தலைமடைக்காரர்கள் மட்டும் சொல்வார்கள். தமிழ்நிலா இறக்கினாள். இருட்டு வந்ததா என்று அவளால் சரிபார்க்க முடியாது. அதனால் கணினியையே கேட்டாள். "திரைச்சீலை போடப்பட்டுள்ளது" என்றது அது.

மறுநாள் காலை நெடுஞ்செழியன் தம் முறைக்குக் கணினியைத் திறந்தார். தட்டினார். குலுக்கினார். அணைத்துத் திறந்தார். ஓட்டுநர் மாரியப்பனை வரவழைத்தார். அவர் அறுவடை மெஷினைப் பார்க்கிற மாதிரி கீழே குனிந்து பார்த்துவிட்டு, பெல்ட் போயிருக்கும் என்றார். மீனா அழவே செய்தாள். பிள்ளை இன்னும் பிறக்கவில்லை.

"பேசுதே" என்றாள் தமிழ்நிலா, ஒலியை ஏற்றியபடி.

"பேசி என்ன பண்றது" என்றார் நெடுஞ்செழியன். "கண்ணு போச்சே. இனிமே இது எதுக்கு ஆகும்?"

யார் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்கிறோம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. வெறுப்போடு அதை அவள் மடியில் போட்டார். போகட்டும், உருப்படாதது உருப்படாத இடத்தில் கிடக்கட்டும் என்று மீனாவும் ஒத்துக்கொண்டாள். இப்படியாக, கண்ணுள்ளவர்களுக்குப் பயன்படாது என்று தீர்ப்பான அந்த நிமிடத்தில் கணினி தமிழ்நிலாவுக்குச் சொந்தமாயிற்று.

இத்தோடு முடிந்திருந்தால் இது ஒரு நல்ல கதை. ஆனால் நெடுஞ்செழியன் பொதுவாழ்க்கையில் இருப்பவர். ஏமாற்றப்பட்டுவிட்டோம் என்று தோன்றினால் அதற்கு ஊர்வலம் இல்லாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. சங்கத்து ஆட்கள் பத்துப்பேரை இரண்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு கூத்தாநல்லூர் போனார். கண் தெரியாத பெண் என்று கெட்டுப்போன சரக்கைத் தலையில் கட்டிவிட்டாயே என்று கடைவாசலில் நின்று கேட்டார். கடைத்தெரு முழுக்கக் கேட்டது. சுஹைப் தகராறு செய்யவில்லை. கடையைப் பாதியில் அடைத்துவிட்டு, அவர்கள் வண்டியிலேயே ஏறி, பழுது பார்க்கிற பையோடு ஆலங்கரைக்கு வந்தார்.

தமிழ்நிலா கூடத்தில் கணினியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பத்துப் பதினைந்து செருப்புச் சத்தம். அவற்றுக்கு நடுவே ஒன்று வாசலிலேயே கழற்றப்பட்டது.

"கொடுங்க தங்கச்சி, ஒரு நிமிஷம் பாத்துடறேன்" என்றார் சுஹைப்.

ஒரு நிமிஷம் போதும். அவர் முதலில் குரலை அணைப்பார். ஊரில் அது தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான். குரல் போனதும் திரை வந்துவிடும். திரை வந்ததும் தலைமடை வந்துவிடும், நடுமடை வந்துவிடும், முறத்தில் பூண்டு வந்துவிடும். அன்றைக்கும் தேர்வுக்கும் நடுவே இருந்தது ஒரு வியாழக்கிழமை. உண்மையைச் சொன்னால் அவர் மேல் பழி இல்லை. அவளுக்குக் கணினி இல்லை. இதை எடைபோட அவளுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. அவருடைய விரல்கள் மூடியில் பட்டபோது அவள் கணினியை நெஞ்சோடு இழுத்துக்கொண்டாள்.

"வேணாம் பாய். உங்க கை பட்டதெல்லாம் போதும்."

அந்த ஊரில் ஒரு மனிதனுடைய கையைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டார்கள். தொழில் செய்கிறவனிடம் சொல்லவே மாட்டார்கள். மீனாகூட ஒரு நொடி தயங்கினாள். சங்கத்து ஆட்களில் ஒருவர், கண்ணில்லாத பொண்ணு வயித்தெரிச்சல் சும்மா விடாது என்று பின்னணி பாடினார்.

"நான் நல்லதுன்னு நெனச்சுத்தான் கொடுத்தேன்" என்றார் சுஹைப்.

அவர் முகம் எப்படி இருந்தது என்பது அவளுக்குத் தெரியாது. இந்த வசதியை அவள் வாழ்க்கையில் முதல்முறையாக அனுபவித்தாள்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பப் பஸ்ஸுக்கு நடந்தார். அழைத்துவந்த வண்டிகள் திருப்பிக் கொண்டுபோய் விடவில்லை. மறுநாள் வியாழக்கிழமை, அவர் கடையிலிருந்து ஒரு புதுக் கணினி வந்தது. அதே பழம். காசு வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். நெடுஞ்செழியன் அதன் மூடியைத் துடைத்து வாங்கிக்கொண்டார். புதியது கூடத்துக்கு, பழையது தங்கச்சிக்கு என்று உடனே பாகமும் பிரித்தார்; அவளுக்குத்தான் திரை தேவையில்லையே. மீனா சந்தனம் குழைத்தாள். மாலையில் தொடரில் ஆண் குழந்தை பிறந்தது. பாதிக்கப்பட்டோருக்கு நீதி கிடைத்தது குறித்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் நெடுஞ்செழியன் படத்தோடு செய்தி போட்டார். படத்தில் தமிழ்நிலாவையும் நிறுத்தியிருந்தார்கள், ஓரமாக.

வெள்ளிக்கிழமை அவள் தேர்வு எழுதினாள். கதவைச் சாத்திக்கொண்டு, காதுக்குழல் மாட்டி, இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசிய பதிவைப் பிசிறில்லாமல் பிரித்து எழுதினாள். யாரும் தட்டவில்லை. செத்த கணினியோடு அவள் என்ன செய்கிறாள் என்று கேட்க யாருக்கு நேரம். அடுத்த மாதமே வேலை வந்தது. சம்பளம் வருவது தெரிந்ததும் மீனா பூண்டுக்கு ஆள் வைத்தாள். தமிழ்நிலாவை "நிலாம்மா" என்று கூப்பிடத் தொடங்கினாள். சென்னை விடுதிக்கு எப்போது போவது என்று தமிழ்நிலா கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அதை அவர்களிடம் சொல்லவில்லை.

ஒரு மத்தியானம் ஆனந்தவல்லி அழைத்தாள். அவளுக்கும் அந்த வேலைக்கு மனுப் போட ஆசை. தமிழ்நிலா முன்பு சொன்ன கடை நினைவிருந்ததாம். பேராவூரணியிலிருந்து இரண்டு பஸ் மாறி, விசாரித்து விசாரித்து, கூத்தாநல்லூருக்கே போயிருக்கிறாள்.

"நல்ல மனுஷன்டி. கையைப் புடிச்சு உக்கார வச்சாரு, டீ வாங்கிக் கொடுத்தாரு. ஆனா கணினி மட்டும் தரமாட்டேன்னுட்டாரு."

"ஏனாம்?"

"கண்ணு தெரியாதவங்களுக்கு இப்பல்லாம் கொடுக்கறதில்லையாம். என் கை ராசி சரியில்லம்மா, உங்க பொழப்பும் கெட்டுப்போயிடும், வேற கடையில வாங்கிக்கங்கன்னு சொல்றாரு. நான் எவ்வளவோ கேட்டுப் பாத்தேன். அந்தப் பழம் போட்டதாவது தொட்டுப் பாக்கறேன்னேன். அதுக்கும் பயப்படறாரு. பஸ்ஸு ஏத்தி விட்டுட்டுப் போனாரு. அவருக்கு என்னடி ஆச்சு?"

கூடத்தில் புதுக் கணினியில் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. பிறந்த குழந்தையை யாரோ மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது. மீனா அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"யாருக்குத் தெரியும்" என்றாள் தமிழ்நிலா. "மயிலாடுதுறையில கடை இருக்கும். விசாரிச்சுப் பாரு."

போனை வைத்தாள். கையை மோந்து பார்த்தாள். பூண்டு வாடை அநேகமாகப் போயிருந்தது. அன்றைக்கு முடிக்கவேண்டிய பதிவுகள் இன்னும் நாலு இருந்தன. கணினியைத் திறந்து, வழக்கம்போல முதலில் அந்த ஒன்றைக் கேட்டு உறுதிசெய்துகொண்டாள். திரைச்சீலை போடப்பட்டுள்ளது என்றது அது. வில்லங்கத்தை உச்சரித்த அதே தெளிவான குரல்.